செந்தேன்சிட்டு: சுங்கை பாக்காப்பிலிருந்து தண்ணீர்மலை வரை

சுங்கை பாக்காப்பில் தேன்சிட்டு பார்க்க எங்கேயும் போக வேண்டியதில்லை. வேலியோரச் செம்பருத்தியிலும் கோயில் பக்கத்துத் தென்னம்பாளையிலும் தினமும் வந்து போகிறது. ஆனால் உடம்பெல்லாம் இரத்தச் சிவப்பாக மின்னும் செந்தேன்சிட்டு அப்படி வாசலுக்கு வந்து நிற்காது. அதற்குக் காட்டோரம் வேண்டும். பினாங்குத் தீவின் தண்ணீர்மலை அடிவாரம் அதற்கு நல்ல இடம்.

இந்த அத்தியாயம் அந்தச் சிவப்புச் சிட்டை உங்கள் கண்ணால் பார்க்க வைப்பதற்கானது. நேராகத் தீவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வீட்டுப் பக்கத்துச் சிட்டுகளைப் பழகாமல் போகிறவர்கள் பெரும்பாலும் சிவப்பாக எதையோ கண்டோம் என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். எது என்று சொல்லத் தெரிவதில்லை. முதலில் ஊர், பிறகு மலை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

எதைத் தேடுகிறோம்

அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். ஆணுக்குத் தலை, தொண்டை, மார்பு, முதுகு எல்லாம் செக்கச் சிவப்பு. நெற்றியில் உலோக மினுக்கம். அலகின் அடியிலிருந்து கழுத்துப் பக்கமாக இறங்கும் ஊதாநீலக் கோடு, மெல்லிய மீசை போல. வயிறு சாம்பல், வால் இருண்ட நீலச் சாயல். பறக்கும்போது இடுப்பில் ஒரு மஞ்சள் திட்டு கணநேரம் தெரிந்து மறையும். பெண்ணுக்கு இந்த நிறம் எதுவும் கிடையாது. உடம்பு முழுக்க மங்கிய ஆலிவ் பச்சை.

நூல்களிலும் செயலிகளிலும் இதைக் கிரிம்சன் சன்பேர்ட் என்று தேடுங்கள். மலாய்க்காரர்கள் தேன்சிட்டு வகைகளைக் கெலிச்சாப் என்பார்கள். பூங்காக் காவலரிடமோ மலைப்பாதைக் கடைக்காரரிடமோ விசாரிக்கும்போது அந்தச் சொல் கைகொடுக்கும். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2002இல் நடத்திய வாக்கெடுப்பில் மக்கள் நாட்டுப் பறவையாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். அரசு அறிவிப்பாக அது வரவில்லை. ஆனாலும் அந்தச் சின்னத் தீவில் இதற்கு இன்றும் அந்த மதிப்பு உண்டு.

ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் பறவை இது. வலசைப் பருவத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கையில் வேண்டியவை

பைனாகுலர் ஒன்று போதும். 8x42 அளவு வாங்குங்கள். 10 மடங்கு, 12 மடங்கு என்று கடையில் சொல்வார்கள். பெரிதாக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும். ஒரு நொடி கூட ஓரிடத்தில் இராத பறவைக்கு அகன்ற பரப்புதான் தேவை. வாங்குமுன் இரண்டு மீட்டர் தூரத்தில் உள்ள எழுத்தைத் தெளிவாகக் காட்டுகிறதா என்று சோதியுங்கள். தேன்சிட்டு சில வேளை அவ்வளவு நெருக்கத்தில் வந்துவிடும்.

நூல் வேண்டுமென்றால் ஆலன் ஜெயராஜசிங்கம் எழுதி ஆலன் பியர்சன் படம் வரைந்த, தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர்ப் பறவைகளுக்கான கையேட்டைத் தேடிப் பாருங்கள். கைப்பேசியில் கோர்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியை இறக்கிக்கொள்ளலாம். இலவசம்தான். புறப்படுவதற்கு முன் மலேசியப் பறவைத் தொகுப்பையும் இறக்கி வையுங்கள். மலையில் இணையம் எல்லா இடத்திலும் கிடைக்காது.

சாம்பல், கரும்பச்சை, பழுப்பு நிறத்தில் முழுக்கைச் சட்டை. மூடிய காலணி. தண்ணீர், தொப்பி, கொசுத்தைலம், சிறு குறிப்பேடு.

முதல் கட்டம்: ஊரில் பழகுதல்

தென் செபராங் பிறையின் இந்தப் பகுதி கரும்பு பார்த்தது, பிறகு பால்மரம் பார்த்தது, இப்போது செம்பனையும் தாமான்களும் தொழிற்பேட்டையுமாக இருக்கிறது. செம்பனைக் காட்டுக்குள் நடந்து தேன்சிட்டு தேடுவது வீண் அலைச்சல். ஒரே மரம் வரிசை வரிசையாக நிற்கும் இடத்தில் தேன்சிட்டுக்கு வேண்டிய பூக்கள் கிடைப்பது அரிது. பழைய லயத்து வீடுகளைச் சுற்றிப் பாருங்கள். செம்பருத்தி, இட்லிப்பூ, வாழை, முருங்கை, தென்னை. நம் மக்கள் சாமிக்கும் சமையலுக்கும் வைத்த செடிகள்தான் இந்தப் பறவைகளுக்கு உணவுக்கூடம். கோயில் நந்தவனம், பள்ளித் தோட்டம், தாமான் வேலிகள் எல்லாம் அதே கணக்கு.

1. பூத்த செடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குழல் வடிவப் பூ நல்லது. சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறம் இன்னும் நல்லது. தென்னையில் புதிதாக விரிந்த பாளை இருந்தால் அதையே முதலில் பாருங்கள்.

2. நேரம் காலை 7.30 முதல் 10 மணிவரை. தமிழ்நாட்டு நூல்களில் விடியற்காலை 6 மணி என்று படித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். பினாங்கில் சூரியன் உதிக்கவே 7 மணியைத் தாண்டும். மாலையில் 4.30 முதல் 6.30 வரை இன்னொரு நல்ல நேரம்.

3. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். இந்தப் படியைத் தவறவிட்டால் மற்ற எதுவும் பயன் தராது. தேன்சிட்டின் நீலமும் ஊதாவும் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருபவை. ஒளி எதிரே இருந்தால் எல்லாச் சிட்டும் கறுப்புச் சிட்டுதான்.

4. காதால் முதலில் தேடுங்கள். "ச்சிப், ச்சிப்" என்று கூர்மையாக, அவசரமாக வரும் ஒலி பெரும்பாலும் தேன்சிட்டு. ஒலி வந்த திசையில் இலை அசைகிறதா என்று வெறுங்கண்ணால் பாருங்கள்.

5. பறவை தெரிந்ததும் கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போயிருக்கும். வீட்டு வாசலில் அசையாத பூ ஒன்றை வைத்து இதைப் பயிற்சி செய்யுங்கள்.

இங்கே உங்களுக்கு இரண்டு வகை கிடைக்கும். சிறியது ஆலிவ் முதுகுத் தேன்சிட்டு. ஆணுக்கு வயிறு பளிச்சென்ற மஞ்சள், தொண்டையும் மேல்மார்பும் மின்னும் கருநீலம். பழைய நூல்களில் ஆலிவ்-பேக்ட் சன்பேர்ட் என்றும் புதிய செயலிகளில் ஆர்னேட் சன்பேர்ட் என்றும் இருக்கும். இங்குள்ள பறவைக்கு இரண்டு பெயரும் பொருந்தும். சற்றே பருத்தது பழுப்புத் தொண்டைத் தேன்சிட்டு, ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். அலகு தடிப்பு, கண் செம்மை, தொண்டை மங்கிய பழுப்பு, முதுகில் பச்சையும் ஊதாவும். தென்னம்பாளை இதற்கு மிகவும் பிடித்த இடம்.

பெண் பறவைகளைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஆலிவ் முதுகுத் தேன்சிட்டின் பெண்ணுக்கு வயிற்றுப்புறம் நல்ல மஞ்சள். செந்தேன்சிட்டின் பெண் வயிற்றுப்புறமும் மங்கிய பச்சைதான். இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் மலையில் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் அங்கே முதலில் கண்ணில் படுவது பல வேளை பெண்ணாகவே இருக்கும். பெண் வந்த செடிக்கு ஆணும் வரும் வாய்ப்பு நிறைய. நிறமில்லை என்று இடத்தை மாற்றுகிறவர் கைக்கெட்டியதை விட்டுவிட்டுப் போகிறார்.

மூன்று தோற்றத்தையும் பெயர் சொல்லப் பழகும்வரை ஊரிலேயே இருங்கள். மூன்று என்பது: ஆலிவ் முதுகு ஆண், அதன் பெண், பழுப்புத் தொண்டை ஆண்.

குழப்பும் பறவைகள்

சிவப்பு முதுகுப் பூக்கொத்தி. ஊரில் சிவப்பாகக் கண்டதாகச் சொல்லப்படுவது அநேகமாக இதுதான். 9 சென்டிமீட்டர் இருக்கும். தலையுச்சியிலிருந்து வாலடிவரை முதுகின் நடுவே ஒரு சிவப்புப் பட்டை, இருபுறமும் கறுப்பு, வயிறு வெளிர்நிறம். அலகைப் பாருங்கள்: குட்டை. தேன்சிட்டின் அலகு நீண்டு வளைந்திருக்கும். பூக்கொத்தி செரி மரத்திலும், மாமரத்தில் தொற்றிய புல்லுருவியின் பழங்களிலும் சுற்றும்.

சின்னச் சிலந்திபிடிப்பான். தேன்சிட்டின் நெருங்கிய உறவு. அலகு உடம்புக்குப் பொருந்தாத அளவு நீளம். வாழைப்பூவிலும், லக்சாவில் போடும் புங்கா காந்தான் பூவிலும் பார்க்கலாம்.

ஹம்மிங் பறவை. இது இங்கே கிடையவே கிடையாது. அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்வது. தேன்சிட்டும் சில நொடி அந்தரத்தில் சிறகடித்து நிற்கும், அதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்துதான் குடிக்கும்.

இரண்டாம் கட்டம்: தண்ணீர்மலை

காரில் போகிறவர்கள் ஜாவியில் நெடுஞ்சாலை ஏறி, பத்து காவானில் திரும்பி, இரண்டாவது பாலத்தைப் பிடியுங்கள். 2014இல் திறந்த பாலம், மொத்த நீளம் 24 கிலோமீட்டர். கார் இல்லாதவர்கள் பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரலுக்குப் போய், பெர்ரியில் கடல் தாண்டி, ஜெட்டியிலிருந்து பேருந்து ஏறலாம். வார நாளாக இருந்தால் நல்லது. ஞாயிறு காலை தண்ணீர்மலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் கூட்டம் நெரியும். தைப்பூச வாரத்தில் முருகனைப் பார்க்கப் போங்கள், சிட்டைப் பார்க்கப் போகாதீர்கள்.

தண்ணீர்மலை முருகன் கோயிலைத் தாண்டிச் சாலையின் முடிவில் இருக்கிறது பினாங்குத் தாவரவியல் பூங்கா. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் தொடங்கியது. மூன்று பக்கமும் காடு, நடுவில் பூச்செடிகள். செந்தேன்சிட்டுக்கு வேண்டியது இந்தச் சேர்க்கைதான்: பின்னால் ஒதுங்க மரம், முன்னால் குடிக்கப் பூ. புல்வெளி நடுவே உள்ள அழகான பாத்திகளை விட்டுவிடுங்கள். ஓடைக்கரையும், காடு வந்து தொடும் ஓரங்களுமே உங்கள் இடம். ஹெலிகோனியா, இட்லிப்பூ, இஞ்சி வகைப் பூக்கள் எங்கே காட்டை ஒட்டி நிற்கின்றன என்று முதல் சுற்றில் குறித்துக்கொள்ளுங்கள்.

பூங்கா வாசலருகே தொடங்கி, கொடிமலை உச்சிவரை சுமார் 5 கிலோமீட்டர் ஏறும் ஜீப் பாதையும் நல்ல இடம். உச்சிவரை ஏற வேண்டாம். செங்குத்தான ஏற்றம், மூச்சு வாங்கும்போது பைனாகுலர் கையில் நிற்காது. கீழ்ப்பகுதியில் மெதுவாக நடந்து, காட்டோரம் பூத்த இடங்களில் நின்றாலே போதும். கொடிமலையையும் இந்தப் பூங்காவையும் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவையும் சேர்த்து யுனெஸ்கோ 2021இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நீங்கள் நிற்பது அதன் ஓரத்தில்.

தீவுக்குப் போக முடியாத நாளில், நிபோங் திபால் பக்கத்திலுள்ள புக்கிட் பாஞ்சோர் மாநிலப் பூங்காவின் காட்டோரத்தில் இதே முறையைச் செய்து பார்க்கலாம்.

காத்திருக்கும் முறை

1. பூத்த செடியிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி, மரத்தையோ சுவரையோ முதுகுக்குத் துணையாக வைத்து நில்லுங்கள். உங்கள் உருவம் வானத்துக்கு எதிரே தெரியக் கூடாது.

2. குறைந்தது அரை மணி நேரம் அதே இடம். தேன்சிட்டு ஒரு செடியில் குடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போய், பூவில் மறுபடி தேன் ஊறியதும் திரும்பி வரும். அதன் சுற்று முடியும்வரை காத்திருப்பதே உங்கள் வேலை. பறவை போன பக்கமெல்லாம் ஓடுகிறவருக்கு அதன் வால்தான் தெரியும்.

3. பைனாகுலரை நெஞ்சளவில் பிடித்திருங்கள். கண்ணில் வைத்துக்கொண்டே காத்திருந்தால் பக்கத்துச் செடிக்கு வந்தது தெரியாது.

4. பறவை வந்ததும் பார்க்கும் வரிசை: அலகு, தொண்டை, வயிறு, வால். நிறம் தானாகக் கண்ணில் விழும். மற்றவற்றைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். அலகு வளைந்திருக்கிறதா? வயிறு சாம்பலா, மஞ்சளா? சிவப்பு மார்பும் சாம்பல் வயிறும் சேர்ந்தால் அதுதான் நீங்கள் தேடி வந்த ஆண்.

5. தொண்டையில் மட்டும் சிவப்பு, மற்ற உடம்பு மங்கிய பச்சை என்றால் அது வளரும் இளம் ஆண். ஏமாற்றம் வேண்டாம். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், முழு நிறம் வந்த ஆணைவிட அரிய காட்சி அது.

6. பார்த்ததை உடனே எழுதுங்கள். படம் எடுப்பது அதற்குப் பிறகு.

ஒரு குறிப்பு: செம்பருத்திப் பூவின் அடிப்பக்கம் சிறு துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பக்கமாகத் தேன் எட்டாதபோது தேன்சிட்டு அடியில் குத்தி உறிஞ்சும். துளை புதிதாக இருந்தால் அந்தச் செடி அதன் சுற்றில் இருக்கிறது என்று பொருள். பறவையே கண்ணில் படாத நாளில்கூட நாளைக்கு எங்கே நிற்கலாம் என்பதற்கு இது நல்ல தடயம்.

அடிக்கடி நேரும் தவறுகள்

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்க விட்டு வரவழைப்பதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டதாக நினைத்து அது குடிப்பதையும் குஞ்சுக்கு இரை கொடுப்பதையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். இவ்வளவு சின்ன உடம்புக்கு அந்த அலைச்சல் பெரிய செலவு. உங்களுக்குப் பின் நாலு பேர் அதையே செய்தால் அது அந்த இடத்தையே விட்டுப் போகலாம்.

செயலி சொன்னதை அப்படியே நம்புவது அடுத்த தவறு. மெர்லின் ஒலியைக் கேட்டுப் பெயர் காட்டும். அது துப்பு மட்டுமே. கண்ணால் காணாததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சர்க்கரைத் தண்ணீர் வைத்து வாசலுக்கு இழுக்க வேண்டாம். வெயிலில் அது விரைவில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். தேன்சிட்டுக்குப் பூச்சியும் சிலந்தியும்கூட உணவு. குஞ்சுக்குக் கொடுப்பது பெரும்பாலும் அவைதான். ஒரு செம்பருத்தியும் ஒரு இட்லிப்பூச் செடியும் நட்டு, மருந்து அடிக்காமல் விடுங்கள். கூரையோரச் சிலந்தி வலையையும் முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், கூடு பின்ன அந்த நூல் அதற்குத் தேவை.

பாதுகாப்பு

தோட்டத்துக்குள் நுழையுமுன் அலுவலகத்திலோ மண்டோரிடமோ அனுமதி கேளுங்கள். குலை வெட்டும் வரிசைக்கும் மருந்து அடிக்கும் வரிசைக்கும் அருகே போகாதீர்கள். மேலிருந்து விழும் செம்பனைக் குலை ஆளைக் கொல்லும். மட்டைக் குவியல்களில் கால் வைக்க வேண்டாம், எலி தேடி நாகம் வரும் இடம் அது.

மலையில் கிளையைப் பிடித்து ஏறும் பழக்கத்தை விடுங்கள். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பார்க்கும் பச்சை விரியன் காட்டிலும் உண்டு. அசையாமல் கிளையோடு கிளையாகக் கிடக்கும். கை வைக்குமுன் கண் வைக்க வேண்டும். செவ்வெறும்புக் கூடு, குளவிக் கூடு இரண்டையும் தலைக்கு மேலே தேடிவிட்டு நில்லுங்கள்.

தண்ணீர்மலைக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு. உணவைப் பைக்குள் மூடி வையுங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிற்பகலில் மேகம் கறுத்து இடி கேட்டால் அப்போதே இறங்கிவிடுங்கள். ஒற்றை மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். ஜீப் பாதையில் வாகனம் வரும், பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி பாதை நடுவே பின்னோக்கி நகராதீர்கள். தனியாகப் போனால் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அவசர எண் 999.

கூடு கண்டால்

ஆலிவ் முதுகுத் தேன்சிட்டு மனிதரை ஒட்டியே கூடு கட்டும். வாசல் தொட்டிச் செடியில், துணிக்கொடியில், கூரைக் கம்பியில் தொங்கும் நீளப்பை அது. பக்கவாட்டு வாசல், அதற்கு மேல் சிறு தாழ்வாரம், கீழே தொங்கும் நார்வால். குப்பை தொங்குகிறது என்று இழுத்து எறிந்துவிடுகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே காட்டி வையுங்கள்.

கட்டுவது பெரும்பாலும் பெண். முட்டை பெரும்பாலும் இரண்டு. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறந்து போக ஏறத்தாழ ஒரு மாதம். அதுவரை அந்தக் கொடியில் துணி காயப்போடாதீர்கள். இலையை ஒதுக்கிப் படம் எடுக்காதீர்கள். நிழல் போனால் குஞ்சு வெயிலில் வாடும், காகம் கண்டுகொள்ளும். பாதுகாக்கப்பட்ட பறவையைப் பிடிப்பதும் அதன் கூட்டையோ முட்டையையோ எடுப்பதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது பிடித்து விற்றால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

காட்டோரத்தில் செந்தேன்சிட்டின் கூட்டைக் கண்டால் அந்த இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், இணையத்திலும் போடாதீர்கள். நின்ற இடத்திலிருந்து பின்வாங்கி வேறு செடிக்குப் போய்விடுங்கள்.

குறித்து வைத்தல்

குறிப்பேட்டில் நாள், நேரம், இடம், வானிலை, செடியின் பெயர், ஆணா பெண்ணா, என்ன செய்தது என்று எழுதுங்கள். செடியின் பெயரை விட்டுவிடாதீர்கள். எந்த மாதம் எந்தச் செடி பூக்கிறது, அதில் எது வருகிறது என்ற பட்டியல் ஓராண்டில் உங்கள் கையில் இருக்கும். அதை எந்தக் கையேட்டிலும் வாங்க முடியாது. பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். தீவுப் பக்கம் பதிவிட ஆட்கள் உண்டு, தென் செபராங் பிறையின் தாமான்களுக்கும் தோட்டங்களுக்கும் இன்னும் நிறையப் பேர் வேண்டும். துணைக்கு ஆள் தேடினால் 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைச் சங்கத்துக்குப் பினாங்கில் கிளை இருக்கிறது. புதியவர்களை நடைக்குச் சேர்த்துக்கொள்வார்களா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.